அக்டோபர் வில் வேட்டை: கோடையில் எதை முதலில் முடிக்கணும்?

நாணொலி:

வணக்கம். இங்கே அமெரிக்காவில் எங்க பகுதியில் வெள்ளைவால் மானுக்கு வில் பருவம் அக்டோபர் முதல் வாரம் திறக்குது. இப்போ ஜூன் மூணாவது வாரம், கையில் 14 வாரம் இருக்கு. காம்பவுண்ட் வில் (இரு முனையிலும் சக்கரம் வெச்சது), 60 பவுண்டு இழுப்பு. நாணுக்கு மூணு வயசு. அம்பு முனையோட சேர்த்து 420 கிரெய்ன் (சுமார் 27 கிராம்). 20 கெஜத்தில் அம்பெல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் விழுது, 30 கெஜத்தில் இரண்டு கை அகலத்துக்குச் சிதறுது. தனியார் நிலம், எழுத்தில் அனுமதி வாங்கியாச்சு. இரண்டு பரண் போன பருவத்திலிருந்து மரத்திலேயே கட்டிக் கிடக்கு.

எதை எந்த வரிசையில் செய்யறது? வில்லை இப்பவே தொடணுமா, பருவம் நெருங்கும்போது பார்த்துக்கலாமா?

வடகாற்று:

வில்லைத்தான் முதலில் தொட வேண்டும், அதிலும் நாணை. மூன்று வருட நாணை நம்பி இன்னொரு பருவத்துக்குப் போகாதீர்கள். கேபிள்களையும் (வில்லின் இரு முனைகளுக்கிடையே ஓடும் துணைக் கயிறுகள்) சேர்த்தே மாற்றுங்கள். புது நாணும் பழைய கேபிளும் ஒரே அளவில் நீளாது. புது நாண் முதல் 100 முதல் 200 எய்தலுக்குள்தான் நீண்டு அடங்கும். அதுவரை பீப் (நாணில் உள்ள பார்வைத் துளை) திரும்பிக்கொண்டே இருக்கும், கேம்கள் எனும் முனைச் சக்கரங்களின் நேரம் பிசகும், அம்பு விழும் இடமும் நகரும். ஜூன் கடைசியில் மாற்றினால் ஜூலை நடுவில் எல்லாம் நிலைத்துவிடும். செப்டம்பரில் மாற்றினால் அந்த நகர்வு முழுவதும் பருவத்துக்குள் வந்து விழும்.

நாண் அடங்கிய பிறகு கேம்களைப் பாருங்கள். முழுதாக இழுத்த நிலையில் மேல், கீழ் இரண்டு நிறுத்திகளும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். நீங்கள் இழுக்க, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். ஒன்று முந்தினால் கடையில் வில் அழுத்தியில் (வில்லை வளைத்து நாணைத் தளர்த்தும் கருவி) வைத்துக் கேபிளை அரைச் சுற்றாக முறுக்கிச் சரிசெய்வார்கள். அழுத்தி இல்லாமல் வீட்டில் முயல வேண்டாம்.

அடுத்தது காகித சோதனை. ஒரு சட்டத்தில் காகிதத்தை இழுத்து ஒட்டி, ஆறடி தூரத்திலிருந்து அதன் வழியே எய்யுங்கள். நடுவில் ஒரு துளையும் சுற்றி மூன்று இறகுக் கீறலும் மட்டும் இருந்தால் அம்பு நேராகப் போகிறது. அம்பின் வால் மேலே கிழித்திருந்தால் நாணில் அம்பு கோக்கும் இடம் உயரமாக இருக்கிறது, அல்லது ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பாகம்) தாழ்ந்திருக்கிறது. பக்கவாட்டில் கிழித்தால் ரெஸ்டைத் தொடுவதற்கு முன் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள். பிடியை இறுக்கி மணிக்கட்டைத் திருப்பினாலே பக்கக் கிழிசல் வந்துவிடும். விரல்களைத் தளர்த்தி, கட்டைவிரல் மேட்டில் மட்டும் வில்லைத் தாங்கி மூன்று அம்பு விட்டுப் பாருங்கள். கிழிசல் அப்படியே இருந்தால்தான் கருவியின் குறை.

30 கெஜச் சிதறலைப் பற்றி: 20 இல் 10 செ.மீ. என்றால் 30 இல் 15 செ.மீ. வரலாம், அது தூரத்தின் கணக்கு. அதற்கு மேல் அகன்றால் எங்கோ பிழை இருக்கிறது. சிதறல் மேலும் கீழுமா, இடமும் வலமுமா என்று பிரித்துப் பாருங்கள். மேல்கீழ் என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் நாணை முழுதாகக் கடைசி வரை இழுக்காமல் விடுகிறீர்கள், அல்லது தாடையில் கை பதியும் இடம் மாறுகிறது. இடவலம் என்றால் பிடி, இல்லையேல் குறிக்கருவியின் நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்பதைக் கவனிக்காமல் விடுகிறீர்கள்.

பிராட்ஹெட்டை (கத்திகள் பதித்த வேட்டை முனை) ஜூலைக் கடைசியில் போட்டுப் பார்த்துவிடுங்கள். பயிற்சி முனையும் நிலைக்கத்தி பிராட்ஹெட்டும் ஒரே எடையில் இருந்தாலும் ஒரே இடத்தில் விழாது. கத்திகள் காற்றைப் பிடித்து, பறப்பில் உள்ள சிறு கோணலையும் பெரிதாக்கும். முதலில் அம்பை விரல் நகங்களின் மேல் வைத்துச் சுழற்றுங்கள். முனை நடுங்கினால் அந்த அம்பை ஒதுக்குங்கள். பிறகு 20 கெஜத்தில் ஒரு பயிற்சி முனை, ஒரு பிராட்ஹெட் என மாற்றி மாற்றி விடுங்கள். பிராட்ஹெட் இடப்பக்கம் விழுந்தால் ரெஸ்டை வலப்பக்கம் நகர்த்துங்கள், தாழ விழுந்தால் ரெஸ்டை உயர்த்துங்கள். ஒரு முறைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான். இரண்டும் ஒன்றாக விழுந்த பிறகே குறிக்கருவியைத் தொடலாம். நிறையப் பேர் பிராட்ஹெட்டுக்காகக் குறியை மட்டும் நகர்த்திவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அம்பு கோணலாகத்தான் பறந்துகொண்டிருக்கும், மானின் உடலில் ஊடுருவும் ஆழமும் குறையும்.

பயிற்சியில் விட்ட கத்தி மழுங்கிவிடும். அதற்கு ஒரு பிராட்ஹெட்டைக் கோடு போட்டுத் தனியே வையுங்கள், வேட்டைக்குப் புதுக் கத்திதான்.

60 பவுண்டு உங்களுக்குச் சரியா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை இலக்குக்கு நேரே நீட்டி, வானத்தைப் பார்க்கத் தூக்காமல் நேராகப் பின்னுக்கு இழுக்க முடிய வேண்டும். பரணில் மூன்று மணி நேரம் குளிரில் அசையாமல் இருந்த தோள் இதைவிட இறுகியிருக்கும். முடியாவிட்டால் மேல், கீழ் இரண்டு லிம்ப் (வில்லின் வளையும் கை) திருகுகளையும் சம அளவு தளர்த்துங்கள். பெரும்பாலான விற்களில் ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று பவுண்டு குறையும். நல்ல கத்தி, நேரான பறப்பு இரண்டும் இருந்தால் மானுக்கு 50 பவுண்டு தாராளம். ஆனால் இழுப்பு எடையை மாற்றினால் காகித சோதனையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதனால்தான் இதையும் இந்த வாரமே பார்க்கச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கார்பன் அம்பையும் எய்யும் முன் வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். லேசாக நெறுநெறுவென்றாலும் உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட அம்பு நாண் விடும்போது சிதறிக் கையைத் துளைக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லை விட்டுவிட்டுப் போகாதீர்கள். லிம்பின் அடுக்குகள் பிரியும், நாணின் மெழுகு உருகும்.

ஓக்மரத்தடி:

வில்லுக்கு முன்னாடி அனுமதி, பதிவு மாதிரி காகித வேலை. வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிக்காதவங்க ஜூலையிலேயே இடம் பிடிச்சுடுங்க, ஆகஸ்ட்ல இடம் கிடைக்கிறது கஷ்டம். பெட்டை மான் அனுமதிச் சீட்டு குலுக்கல்ல வருதுன்னா கடைசித் தேதியைப் பாருங்க, சில இடங்கள்ல அது கோடை முடியறதுக்குள்ள போயிடும். இந்த வருஷத்து விதிப்புத்தகத்தைப் புதுசா எடுத்துப் படிங்க. தீனி போடறது, உப்புக்கட்டி வைக்கிறது, கேமரா, ஆரஞ்சு உடை எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேற. உதாரணத்துக்கு அரிசோனால 2022 ஜனவரியிலிருந்து வேட்டைக்கு உதவியா டிரெயில் கேமரா வைக்கவே தடை.

பரண்காவல்:

ஒரு வருஷமா மரத்தில் கிடக்கிற அந்த இரண்டு பரணிலும் இப்போதைக்கு ஏறாதீங்க. இந்த இழையில் எல்லாத்தையும் விட எனக்கு முக்கியமாப் படறது இதுதான்.

மரம் வருஷத்துக்கு வருஷம் பருக்கும், பரணைக் கட்டின நாடாப் பட்டை அதோட சேர்ந்து இழுபடும். மேலே வெயில்பட்ட இடம் வெளுத்து, நகத்தால கீறினா தூள் தூளா வரும். அணில் கடிச்சிருந்தா அது பெரும்பாலும் மரத்துக்கும் பட்டைக்கும் நடுவில், கீழிருந்து பார்த்தா தெரியாத பக்கம். பட்டை எல்லாத்தையும் மாத்துங்க, பார்க்க நல்லாருக்கிறதையும் சேர்த்து. போல்ட், கேபிள் இணைப்பு, பற்றவைப்பு இடங்கள்ல துரு இருக்கான்னு பாருங்க. பரணைக் கழட்டிக் கீழே வெச்சுத்தான் இதைப் பார்க்கணும். பருவம் முடிஞ்சதும் கழட்டி உள்ளே வெச்சிருந்தா இந்த வேலையில் பாதி வந்திருக்காது.

மரத்தையும் பாருங்க. ஆஷ் மரம்னா அதில் கட்டவே வேண்டாம். எமரால்டு ஆஷ் துளைப்பான் வண்டு 2002 இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்னுடுச்சு. செத்த ஆஷ் வெளியே உறுதியாத் தெரியும், உள்ளே பட்டுனு முறியற அளவுக்குக் காய்ஞ்சு கிடக்கும். உச்சியில் இலையில்லாத கிளை, மரப்பட்டையில் D வடிவச் சின்னத் துளை, மரங்கொத்தி உரிச்ச வெளிர் திட்டு, இதில் ஒண்ணு இருந்தாலும் விலகிடுங்க. கோடையில் இலை இருக்கும்போதே உயிருள்ள மரம் எது, செத்தது எதுன்னு சுலபமாத் தெரியும். நவம்பரில் எல்லாம் ஒரே மாதிரி நிக்கும்.

ஏறும் விதம்: முழு உடல் வார்ப்பூட்டு, தரையிலிருந்து பரணுக்கு மேல் வரைக்கும் போற உயிர்க்கயிறு, அதில் மேலே தள்ளிக்கிட்டே போற, எடை விழுந்தா இறுகிப் பிடிக்கிற புரூசிக் முடிச்சு. கால் தரையை விட்டதிலிருந்து திரும்பத் தரையைத் தொடற வரைக்கும் கட்டு இருக்கணும். விழறவங்க பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாத்தும்போதும்தான் விழறாங்க. உட்கார்ந்த நிலையில், வார்ப்பூட்டை மரத்தோட இணைக்கிற மரக்கட்டுக் கயிறு கிட்டத்தட்ட தளர்வே இல்லாம இருக்கணும். விழுந்தாலும் ஒரு அடிக்குள்ள நிக்கணும், அதுதான் அளவு. வார்ப்பூட்டில் தொங்கும்போது காலை ஊன்றிக்கொள்ளும் நிவாரணப் பட்டை பையில் எந்த இடத்தில் இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுத்துப் பழகுங்க. அசையாமத் தொங்கினா காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. ஆகஸ்ட்ல தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு முறை தொங்கிப் பாருங்க, கூட ஆள் இருக்கும்போது.

நீங்க மேலே ஏறி உட்கார்ந்து உங்களைக் கட்டின பிறகு வில் இழுகயிற்றில் வரட்டும். அம்பு கூட்டிலேயே மூடியிருக்கணும்.

பார்வை வழி வெட்டறதை ஜூலைக்குள்ள முடிச்சிடுங்க, நில உரிமையாளரைக் கேட்டுட்டு. ஒருத்தர் பரணில் இருக்க, இன்னொருத்தர் கீழே மான் நடக்கிற இடத்தில் ஒரு குச்சியை மார்பு உயரத்தில் பிடிச்சு நடந்தா எந்தக் கிளை மறைக்குதுன்னு சரியாத் தெரியும். அதிகமா வெட்டிட வேண்டாம். அக்டோபர்ல இலை பாதி கொட்டினதும் உங்களை மறைக்க ஒண்ணுமே இருக்காது.

உண்ணிக்கு: உடை, பூட்ஸ், பை எல்லாத்துக்கும் 0.5 சதவீத பெர்மெத்ரின் தெளிச்சு வெளியே காயவெச்சு எடுத்துக்கங்க. தோலில் படக்கூடாது. ஈரம் காயற வரைக்கும் பூனையை அந்தப் பக்கம் விடாதீங்க, அதுக்கு அது விஷம்.

நாணொலி:

நன்றி, இன்னைக்கே பரணைக் கழட்டறேன். ஒரு சந்தேகம்: சோயா வயல் ஓரக் கேமராவில் தினமும் மாலை ஐந்து ஆண் மான் ஒண்ணா வருது, கொம்பெல்லாம் இன்னும் தோலோட. ஒரு பரணை அங்கேயே வெச்சிடலாமா?

ஓக்மரத்தடி:

அங்கே வைக்காதீங்க. கோடையில் நிறையப் பேர் ஏமாறறது இந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

கொம்பு தோலோட வளர்ற வரைக்கும் ஆண் மான்கள் ஒண்ணோட ஒண்ணு சண்டையில்லாம கூட்டமா மேயும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல்ல தோல் உரிஞ்சதும் கூட்டம் பிரிஞ்சிடும், சிலது வேற பக்கமே போயிடும். சோயா இலையும் அதே சமயத்தில் மஞ்சளாகும், மானுக்கு அது பிடிக்காது. அதே வாரங்கள்லதான் வெள்ளை ஓக் கொட்டை விழ ஆரம்பிக்கும். மான் வயலை விட்டுட்டுக் காட்டுக்குள்ள போயிடும். படத்தில் பார்த்த மான் பெரும்பாலும் தூரமாப் போகலை, 300 கெஜம் தள்ளி ஓக் அடியில் நிக்குது.

அதனால ஆகஸ்ட்ல பைனாகுலரை மரத்து மேலே திருப்புங்க. வெள்ளை ஓக் இலையின் மடல் நுனி உருண்டையா இருக்கும், சிவப்பு ஓக்குக்கு முள் மாதிரி கூர்ந்திருக்கும். வெள்ளை ஓக் கொட்டை அதே வருஷம் பழுத்து விழும், துவர்ப்பும் குறைவு, மான் முதலில் தேடறது அதைத்தான். சிவப்பு ஓக்குக்கு இரண்டு வருஷம். எல்லா மரமும் எல்லா வருஷமும் காய்க்காது, இந்த வருஷம் எது காய் பிடிச்சிருக்குன்னு குறிச்சு வெச்சுக்கங்க. அந்த மரத்துக்கும் மான் பகலில் படுக்கிற அடர்ந்த புதருக்கும் நடுவில் உள்ள தடத்தில் பரண் வரட்டும்.

காற்று பரணிலிருந்து தடத்துக்கு வீசாத பக்கமா மரத்தைத் தேர்ந்தெடுங்க. சரிவான நிலத்தில் வெயில் ஏறினதும் காற்று மேட்டுப் பக்கம் ஏறும், சாயங்காலம் குளிர்ந்ததும் பள்ளத்துக்கு இறங்கும். ஒரே பரண் காலைக்குச் சரியா இருந்து மாலைக்கு மோசமா இருக்கிறது இதனாலதான். எருக்கம்பஞ்சு மாதிரியே இருக்கும் மில்க்வீட் பஞ்சை ஒரு டப்பாவில் வெச்சுக்கங்க. ஒரு இழையை விட்டா 50 கெஜம் வரைக்கும் மிதந்து போறதைப் பார்க்கலாம், பவுடர் அவ்வளவு தூரம் தெரியாது.

கேமராவை வடக்குப் பார்த்து வைங்க, வெயில் படாது. முன்னாடி இருக்கிற புல்லைப் பிடுங்கிடுங்க, இல்லேன்னா காற்றில் புல் ஆடறதையே ஆயிரம் படம் எடுக்கும். மூணு வாரத்துக்கு ஒரு தடவை நடுப்பகலில் போய்ப் பார்த்தாப் போதும். செப்டம்பர் முதல் வாரத்துக்கு அப்புறம் காட்டுக்குள்ள காலே வைக்காதீங்க.

வடகாற்று:

பயிற்சியைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. ஜூலையில் வாரம் மூன்று நாள், நாளுக்கு 30 அம்பு. தோள் நடுங்கத் தொடங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள், களைத்த பிறகு விடும் அம்பு தவறான பழக்கத்தைத்தான் சேர்க்கும். ஆகஸ்டிலிருந்து நாளின் முதல் அம்பை மட்டும் நோட்டில் எழுதுங்கள்: தூரம், விழுந்த இடம். வேட்டையில் கிடைப்பது அந்த ஒரு அம்புதான். மானின் இதய, நுரையீரல் பகுதி 20 முதல் 25 செ.மீ. அகலம். முதல் அம்பு எந்தத் தூரம் வரை 15 செ.மீ. தட்டுக்குள் தவறாமல் விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. 20 கெஜம் என்று வந்தால் 20 தான்.

பரண் உயரத்திலிருந்தும் பழகுங்கள், வேட்டை மேலங்கியோடு. கையை மட்டும் தாழ்த்தினால் தாடையில் பதியும் இடம் மாறி அம்பு உயரே போகும். முதலில் நேராக இழுத்துப் பிறகு இடுப்பில் குனியுங்கள். 20 அடி உயரத்தில் 20 கெஜத்துக்கு உயரத்தால் வரும் வித்தியாசம் ஒரு கெஜம்தான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மரத்தடிக்கு மிக அருகில் நிற்கும் மானுக்குத்தான் கோணம் கெடும். ஒரு நுரையீரலை மட்டும் தொட்டு அம்பு வெளியேறிவிடும். அது விலகிப் போகும் வரை பொறுத்திருங்கள்.

பரண்காவல்:

பருவத் தொடக்கத்தில் இன்னும் வெக்கையா இருக்கும், அதனால இறைச்சிக்கான ஏற்பாடும் கோடையிலேயே. கூர் தீட்டின கத்தி, காற்றுப் புகுற இறைச்சிப் பைகள், நிறைய ஐஸ் பிடிக்கிற பெட்டி. மானைக் கண்டெடுத்ததும் அங்கேயே குடல் நீக்கணும், சீக்கிரம் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுவரணும். ஐஸ் உருகின தண்ணியில் கறி ஊறக்கூடாது, பெட்டியின் வடிகாலைத் திறந்து வைங்க.

அம்பு பட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு ஒரு அட்டையில் எழுதி பையில் வெச்சுக்கங்க, அந்த நேரத்தில் நினைவு நிக்காது. நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம்னா அரை மணி. கருஞ்சிவப்புன்னா ஈரல், குறைந்தது நாலு மணி. அம்பில் பச்சையும் நாத்தமும்னா குடல், எட்டிலிருந்து பன்னிரண்டு மணி. அவசரப்பட்டுப் பின்னால போனா படுத்த மான் எழுந்து ஓடிடும், அப்புறம் தடம் கிடைக்காது.

மானுக்கு வர்ற நாள்பட்ட மெலிவு நோய் (CWD) இருக்கிற பகுதியான்னும் பாருங்க. 1967 இல் கொலராடோவில் முதல்ல கவனிச்ச நோய், காரணமான பிரியான் (உருத்திரிஞ்ச புரதம்) மண்ணில் வருஷக்கணக்கா நிக்கும். அந்த மண்டலத்திலிருந்து மூளை, முதுகுத்தண்டு இருக்கிற பாகத்தைப் பல இடங்கள்ல வெளியே எடுத்துப் போக முடியாது, எலும்பு நீக்கின கறி மட்டும்தான். பரிசோதனைக்குத் தலையை எங்கே கொடுக்கணும், எத்தனை மணி வரைக்கும் வாங்குவாங்கன்னு முன்னாடியே விசாரிச்சு அந்த அட்டையிலேயே எழுதிக்கங்க.