புதுப்பிப்பு: வேன் கதவின் உள்பலகை கழன்றது, தண்ணீர் வந்த வழியும் தெரிந்தது

மாரி மழையில் என் சாமான் வேனின் முன்கதவால் உள்ளே தண்ணீர் வருகிறது, உள்பலகையை உடைக்காமல் கழற்றுவது எப்படி என்று போன கிழமை கேட்டிருந்தேன். நேற்று கல்லடியில், வீட்டு முற்றத்தில் வைத்தே கழற்றிவிட்டேன்.

கைபிடிக் குழிக்குள் ஒளிந்திருந்த ஸ்க்ரூக்கள் சுலபம். கண்ணாடி இறக்கும் கைபிடிதான் பாடாய்ப் படுத்தியது. அதில் ஸ்க்ரூவே இல்லை. பின்னால் லாடம் போல வளைந்த சின்னக் கம்பிக் கிளிப் ஒன்றுதான் பிடித்திருக்கிறது. இங்கே ஒரு அண்ணன் சொன்னபடி, பழைய சாரத் துண்டைக் கைபிடிக்கும் பலகைக்கும் இடையில் விட்டு இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தேன். 'டிக்' என்று கிளிப் தெறித்தது. மறக்காமல் கீழே ஒரு துணி விரியுங்கள், மணலில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது. அப்புறம் பலகையைக் கதவோடு பிடித்திருக்கும் ஓரக் கிளிப்புகள். கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும், தள்ளி நெம்பினால் பலகைதான் பிய்யும். எனக்கு இரண்டு உடைந்தன.

பலகைக்குப் பின்னால், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க ஒட்டியிருக்கும் பொலித்தீன் கிழிந்திருந்தது. தண்ணீர் வடிவதற்கான கதவின் அடித் துளைகளும் சேற்றால் அடைபட்டிருந்தன. கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றிக் கிழிசலால் உள்ளே வந்திருக்கிறது. துளைகளைக் குத்திவிட்டு, புதுப் பொலித்தீன் ஒட்டினேன். இரவு நல்ல மழை. காலையில் கால்மிதி காய்ந்தே கிடந்தது. அந்த அண்ணனுக்கு மிகவும் நன்றி.