கட்டுரையில் திகதியை மறைப்பது சரியா?

வெள்ளவத்தை வாசகன்:
சிறிய கடை நடத்தும் நண்பர் ஒருவர் இலங்கையின் வற் வரி (பெறுமதி சேர் வரி) பற்றிய கட்டுரை ஒன்றை அனுப்பி, "இது சரிதானே?" என்று கேட்டார். 15 வீதம் என்று போட்டிருந்தது. மேலும் கீழும் தேடினேன், திகதி எங்குமே இல்லை. 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைத்தார்கள். 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. இப்படி மாறுகிற விஷயத்தைத் திகதி இல்லாமல் போடுவது வாசிப்பவரை ஏமாற்றுவதுதான்.

தோட்டக்காரி:
ஏமாற்று என்பது பெரிய சொல், அண்ணா. நான் வீட்டுத்தோட்டம் பற்றி எழுதுகிறேன். கறிவேப்பிலையைக் கத்தரிக்கும் முறை வருசத்துக்கு வருசம் மாறாது. ஆனால் தலைப்பின் கீழ் 2017 என்று கண்டதும் ஆட்கள் வாசிக்காமலே போய்விடுகிறார்கள். நேற்று யாரோ அரைகுறையாக எழுதியதை நம்புகிறார்கள். மெனக்கெட்டு எழுதியவளுக்கு இது நியாயமா?

வெள்ளவத்தை வாசகன்:
நியாயமில்லைத்தான். ஆனால் களைநாசினி, உரம் பற்றியும் எழுதுவீர்களே? கிளைபோசேட் என்ற களைநாசினியை இங்கே 2015இல் தடைசெய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியையே நிறுத்தி, அந்த வருசம் முடியுமுன் திரும்பவும் அனுமதித்தார்கள். எந்த மாதத்தில் எழுதியது என்று தெரியாமல் அதை எப்படி நம்புவது?

களனிக் கரை:
எங்கள் பக்கம் வெள்ளம் வருகிற இடம். மழை தொடங்கினாலே வாட்ஸ்அப்பில் செய்தி ஓடும்: "நாகலகம் வீதியில் களனி கங்கை நீர்மட்டம் உயர்கிறது, இன்றிரவு அவதானம்." எந்த இன்று? 2016 மே மாத வெள்ளச் செய்தியாகவும் இருக்கலாம். வயதான அம்மாவை வைத்துக்கொண்டு பொருட்களை மேலே ஏற்றுகிறவர்களுக்குத்தான் அதன் அந்தரம் தெரியும்.

செய்தி மேசை:
மறைப்பதை விட மோசமானது ஒன்று இருக்கிறது. ஒரு எழுத்தும் திருத்தாமல் இன்றைய திகதியைப் போட்டு மேலே ஏற்றுவது. அது பொய். முதல் வெளியான திகதி, திருத்திய திகதி, என்ன திருத்தினோம் என்ற ஒரு வரி, மூன்றும் வேண்டும். பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை 2019 முதல் பழைய செய்தியைப் பகிரும்போது படத்திலேயே வருசம் தெரியும்படி செய்தது. நம் தளங்களுக்கும் இது முடியாத வேலை இல்லை.

தோட்டக்காரி:
சரி, உரம், மருந்து என்றால் திகதி போடுகிறேன். கறிவேப்பிலைக்குக் கட்டுரையின் அடியில்தான் போடுவேன்.

வெள்ளவத்தை வாசகன்:
போனில் அடிவரை யார் இறங்குவார்கள், தங்கச்சி? தலைப்பின் கீழேயே போடுங்கள். பக்கத்தில் "இந்த வருசமும் சரிபார்த்தேன்" என்று எழுதுங்கள். உண்மையாகவே சரிபார்த்திருந்தால் மட்டும்.