உயிரியல் பூங்காவில் விலங்குகளை எப்படிப் பார்ப்பது?

நன்முல்லை கேட்டது:
என் மகளுக்கு உயிரியல் பூங்கா என்றால் உயிர். ஆனால் பலகையில் பெயரைப் படித்த கையோடு அடுத்த கூண்டுக்கு ஓடிவிடுகிறாள். பார்த்து மகிழ்வதோடு நில்லாமல் காட்டுயிர்ப் பாதுகாப்பையும் அவள் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அடைத்து வைத்த விலங்கைப் பார்ப்பதால் காட்டில் வாழும் விலங்குக்கு உண்மையிலேயே நன்மை உண்டா என்ற ஐயமும் எனக்கு உண்டு. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

களிறு:
எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட எண்ணாமல், வெயில் ஏறுவதற்கு முன்பே சென்று, ஒன்றிரண்டு விலங்குகளின் முன் பொறுமையாக நில்லுங்கள். புலி திரும்பி நடக்கும்போது அதன் காதுகளின் பின்புறத்தைக் காட்டுங்கள். கறுப்பின் நடுவே வெள்ளைப் பொட்டு பளிச்சென்று தெரியும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சிற்றுயிர்களை வடிகட்டி உண்பதையும் காட்டுங்கள். ஏன் இப்படி உண்கிறது என்று அவள் கேட்டால், ஆழமற்ற நீர்நிலைகளுக்கென்றே அமைந்த அலகு அது என்றும், அந்நீர்நிலைகள் அழிந்தால் அப்பறவைக்குப் போக்கிடம் இல்லை என்றும் சொல்லலாம். பாதுகாப்பைப் பற்றிய பேச்சு இவ்வாறு பார்வையிலிருந்தே தொடங்குவதுதான் நல்லது.

யானை ஓயாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாலோ, சிறுத்தை ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடந்தாலோ, அது பெரும்பாலும் அடைபட்ட வாழ்வின் அழுத்தத்தால் வருவது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தைகள் உண்மையைத் தாங்கிக்கொள்வார்கள்.

வெண்சிறகு:
தங்கள் ஐயத்திற்கு அரேபிய ஓரிக்ஸ் மான் ஒரு பதில். வேட்டையால் 1972-இல் அது காட்டில் அடியோடு அற்றுப்போனது. அதற்கு முன்பே, 1960-களில், அமெரிக்காவின் பீனிக்ஸ் பூங்காவில் ஒரு சிறு மந்தை உருவாக்கப்பட்டிருந்ததால், 1982-இல் ஓமான் பாலைவனத்தில் அம்மான்களை மீண்டும் விட முடிந்தது.

கலிஃபோர்னியக் கான்டார் கழுகின் கதை இன்னும் வியப்பானது. 1987-இல் உலகில் எஞ்சியிருந்த 27 பறவைகளும் மனிதப் பராமரிப்பில் இருந்தன. குஞ்சுகள் மனிதரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, தாய்ப்பறவையின் தலையைப் போன்ற கைப்பொம்மையை அணிந்து, தங்கள் முகத்தைக் காட்டாமலே பராமரிப்பாளர்கள் இரையூட்டினார்கள். 1992 முதல் பறவைகள் வெளியே விடப்பட்டன. ஒரு குஞ்சுக்காக மனிதர்கள் தங்களை மறைத்துக்கொண்ட அந்த அக்கறையை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

கரைமரம்:
மேலே சொன்னவை உண்மையே. ஆயினும் அவற்றின் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் குழந்தைக்கு முழுப் படம் கிடைக்கும். ஓமானில் விடப்பட்ட ஓரிக்ஸ் மான்கள் 1990-களின் பிற்பகுதியில் கள்ள வேட்டைக்கு இரையாயின. அவற்றுக்கென அங்கிருந்த சரணாலயத்தின் பரப்பை அந்நாட்டு அரசு பெருமளவு குறைத்தது. 2007-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கியது. நல்ல வேளையாக வேறு நாடுகளிலும் மந்தைகள் விடப்பட்டிருந்ததால் அந்த இனம் பிழைத்தது. கான்டார்களையும் ஆபத்து விட்டபாடில்லை: வேட்டையாடப்பட்ட விலங்குகளின் எச்சங்களைத் தின்னும்போது, அவற்றில் கிடக்கும் ஈயக் குண்டுகளின் துணுக்குகள் உள்ளே சென்று நஞ்சாகின்றன. பூங்காவால் இனத்தைப் பெருக்கித் தர முடியும். வாழிடத்தையும் சட்டத்தையும் வெளியில் இருப்பவர்கள்தாம் காக்க வேண்டும்.

ஆகவே அடுத்த முறை செல்லும்போது அங்குள்ள பணியாளர்களிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள்: இந்த விலங்கு எங்கே பிறந்தது, நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நிகழாதிருக்க வம்சாவளிப் பதிவேடு வைத்திருக்கிறார்களா, இதன் காட்டைக் காக்கும் பணி எதற்காவது பூங்கா உதவுகிறதா? குட்டியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க அழைக்கும் இடங்களுக்கு மட்டும் அவளை அழைத்துச் செல்லாதீர்கள்.