"வீட்டுல என்ன பாஷை பேசுவீங்க?"

அம்மாபேட்டைக்காரன்:

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். 'என் வீடு' என்ற தலைப்பில் தாய்மொழியில் பத்து வரி எழுதி வரவேண்டும். டீச்சர் மனதில் தமிழ்தான் இருந்திருக்கும். பிள்ளையோ தாளை எடுத்துக்கொண்டு நேராக என் அம்மாவிடம் போய் நின்றுவிட்டாள். நாங்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். "அதை எங்கே எழுதுறது, பேசத்தானே செய்யறோம்" என்று அம்மா சிரித்தார்.

எழுத்து இருக்கத்தான் செய்கிறது. 2008-ல் யூனிகோடில்கூட ஏறிவிட்டது. என் போனில் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது, அது வேறு கதை. எங்கள் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இதில்தான் ராஜ்கோட் ஞாபகம் வந்தது. விசைத்தறி உதிரிபாகம் பார்க்க ஒருமுறை சூரத் போயிருந்தேன். "நம்ம பூர்வீகம் சௌராஷ்டிர தேசம், அங்கேருந்து விஜயநகரம், நாயக்கர் காலத்துல மதுரை, அப்புறம்தான் சேலம்" என்று தாத்தா சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். அவ்வளவு தூரம் போய்விட்டு அந்த மண்ணை மிதிக்காமல் திரும்புவதா என்று ராத்திரியே சௌராஷ்டிரப் பகுதியில் இருக்கும் ராஜ்கோட்டுக்கு ரயில் ஏறினேன். காலையில் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை. எங்கள் பாஷையிலேயே தண்ணீர் கேட்டேன், வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தத் தைரியத்தில், பல நூறு வருடத்துக்கு முன் இங்கிருந்து போன குடும்பம் நாங்கள் என்று முழுசாக ஒரு வாக்கியம் சொன்னேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே யாரிடமோ திரும்பி "மதராஸி" என்றார்.

தெலுங்கும் கன்னடமும் தமிழும் வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு எங்கள் பாஷை ஆளே மாறிப் போயிருக்கிறது. அந்தப் பக்கம் குஜராத்தியும் சும்மா இருந்திருக்காதே! அது எனக்கு அன்றைக்கு வரை தோன்றவே இல்லை. ஊர் அப்படியே நமக்காகக் காத்திருக்கும் என்று ஒரு நினைப்பு.

இங்கே வந்தால், "வீட்டுல என்ன பேசுவீங்க, தெலுங்கா?" பழைய அரசுப் பதிவுகளில் எங்களைப் பட்டுநூல்காரர் என்று எழுதியிருக்கிறார்கள். பேசியதைக் கேட்டு வைத்த பெயரில்லை, கையில் இருந்ததைப் பார்த்து வைத்த பெயர். இப்போது கையில் அதுவும் இல்லை. தம்பி கொலுசுப் பட்டறைக்குப் போகிறான். அப்பா காலத்துக் குழித்தறியின் குழியை மூடி டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் ஃப்ரிட்ஜ் நிற்கிறது. அந்த அறையை மட்டும் இன்னும் 'தறிக்கூடம்' என்றுதான் சொல்கிறோம். "தறிக்கூடத்துல போய் மோர் எடுத்துட்டு வா."

உங்களுக்கு இப்படி யாராவது கேட்டு, பதில் தெரியாமல் நின்ற அனுபவம் இருந்தால் எழுதுங்கள். தறிக்காரன் இழையை ஆரம்பித்துவிட்டேன், அறுத்துவிடாதீர்கள்.

மலைக்காரி:

நான் மலையாளி. படித்ததும் பாதிப் பேர் கேரளா என்று நினைத்திருப்பீர்கள், பரவாயில்லை, பழகிவிட்டது. சேர்வராயன் மலையில் ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமம். மலையை ஆளுகிறவர்கள் என்பதால் மலையாளி என்பார் அப்பா. எங்களுக்குத் தெரிந்த ஒரே பாஷை தமிழ்.

கல்லூரியில் சேர வந்தபோது விண்ணப்பத்தில் இனம் மலையாளி, தாய்மொழி தமிழ் என்று எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனிதர். "பாப்பா, தப்பா எழுதிட்டே" என்று தமிழை அடித்துவிட்டு அவரே மலையாளம் என்று எழுதினார். நானும் தலையாட்டினேன். அந்த ஒரு வார்த்தையால் உதவித்தொகை ஒரு வருடம் நின்றது.

அதைவிடப் பெரிய கூத்து ஹாஸ்டலில். அறைத்தோழி பாலக்காட்டுப் பெண். பட்டியலில் என் இனத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "வீடெவிடெயா?" என்றாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. கூச்சத்தில் சிரித்து வைத்தேன். ஓணத்துக்கு இலை போட்டு உட்காரவைத்தார்கள். மூன்று வகைப் பாயசம். மூன்றாவது முடியும்வரை நான் வாயைத் திறக்கவில்லை, பேசுவதற்கு. அன்றைக்கு ராத்திரிதான் சொன்னேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. "அப்போ நீங்க யாரு?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு, ஏரி, காப்பித் தோட்டம் என்று டூரிஸ்ட் கைடு மாதிரி உளறினேன்.

அந்த வருடம் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் அப்பாவிடம் கேட்டேன். முன்னொரு காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பினார்கள். பெரியண்ணன் இந்த மலைக்கு வந்தார், நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. ஏன் கிளம்பினார்கள் என்பது மட்டும் சொல்கிற ஆளுக்கு ஆள் மாறும். நடந்ததா என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கும் ஒரு கதை இருக்கிறது என்பதே அன்றைக்குப் போதுமாக இருந்தது. ஏற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் 1820களில் காப்பிச்செடி கொண்டுவந்த கலெக்டர் காக்பர்னிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், அதுவரைக்கும் மலை காலியாகக் கிடந்த மாதிரி.

இன்னொன்று. பழங்குடிப் பட்டியலில் எங்கள் பெயரோடு மாவட்டப் பெயர்களும் இருக்கின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சி. ஈரோடு மாவட்டத்து மலைகளில் இருக்கும் எங்கள் ஆட்கள் அதே சான்றிதழுக்காக எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாமி, சடங்கு எல்லாம் ஒன்றாக இருந்தும் மாவட்டக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் நாம் வேறு ஆள்.

இரும்பாலைப் பையன்:

பூர்வீகம் பீகார், அப்பா இரும்பாலை வேலைக்கு வந்தவர், நான் பிறந்தது குடியிருப்பில். பாட்னாவில் அக்கா கல்யாணத்தில் வந்த பணத்தை எண்ணி வைக்கும் பொறுப்பு எனக்கு. ஒன்று, ரெண்டு என்று உதடு அசைவதை மாமா பார்த்துவிட்டார். அதோடு அந்த வீட்டில் என் பெயரே 'சேலம்' ஆகிவிட்டது. சேலத்திலோ, தட்டுவடை செட் வாங்கும்போது இன்றைக்கும், "பரவாயில்லீங்களே, தமிழ் நல்லா பேசறீங்களே!" பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். அதற்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

கிச்சிப்பாளையம்:

எல்லாரும் ரசித்து எழுதியிருக்கிறீர்கள். ஒன்று சொல்லட்டுமா? வாடகைக்கு வீடு தேடிப் போகும்போது "வீட்டுல என்ன பேசுவீங்க" என்று கேட்பவருக்குப் பாஷை வேண்டியதில்லை. அது நேராகக் கேட்க முடியாத கேள்விக்குப் போடும் சுற்றுவழி. நான் தமிழ்தான் பேசுகிறேன், ஏழு தலைமுறையாக. அடுத்த கேள்வி, "சொந்த ஊர்ல எந்தத் தெரு?" தெருவைச் சொன்னதும் வீடு வேறு யாருக்கோ பேசி முடித்ததாக ஆகிவிடும். உங்களுக்கெல்லாம் பதில் தெரியாமல் நின்ற அனுபவம். எனக்குப் பதில் தெரியும், அதைச் சொல்லிவிட்டு நின்ற அனுபவம்.

அம்மாபேட்டைக்காரன்:

கிச்சிப்பாளையம் அண்ணா, நீங்கள் சொன்னது உறைக்கிறது. எங்கள் தெருவிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் வீடு விடுகிறார்கள். எங்கள் மாடி உட்பட.

மகள் கதையைப் பாதியில் விட்டேன். அவளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். அம்மா சொல்லச் சொல்ல, எங்கள் பாஷையைத் தமிழ் எழுத்தில் பத்து வரி எழுதிக்கொண்டு போனாள். நேற்றுத் தாள் திரும்பி வந்தது. பத்து வரியிலும் சிவப்பு மை. சொல்லுக்குச் சொல் சுழித்து, கீழே 'எழுத்துப்பிழைகளைக் கவனிக்கவும்'. மலைக்காரியின் கவுன்ட்டர்க்காரர் ஞாபகம்தான் வந்தது.

பிள்ளை உம்மென்று உட்கார்ந்திருந்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிப் படித்தார். தன் பாஷையை அவர் தாளில் படிப்பது அதுதான் முதல் தடவை. படித்து முடித்து, ஆறாவது வரியில் மட்டும் நிஜமாகவே ஒரு பிழை இருக்கிறது என்றார்.