மேம்சாகிப்களுக்காக நாம் எதற்கு உச்சுக்கொட்ட வேண்டும்?

பழையதாள்:
மேம்சாகிப்கள், அதாவது ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் குடித்தனம் நடத்திய வெள்ளைக்கார எஜமானிகள், சொகுசாக வாழ்ந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், செங்காந்தள். ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் கதையைக் கேளுங்கள். அவர் 1865இல் பம்பாயில் பிறந்தவர். 1871இல், ஆறு வயதுகூட நிறையாத அவரையும் மூன்று வயதுத் தங்கையையும் இங்கிலாந்தின் சவுத்சீயில் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் விட்டுவிட்டு, பெற்றோர் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிவிட்டார்கள். 1877இல்தான் அம்மா வந்து மீட்டார். வெயில், காலரா, பள்ளிக்கூடம் என்று பயந்து வசதியுள்ள வெள்ளைக்காரக் குடும்பங்கள் பலவும் செய்ததுதான் இது. புருஷனோடு இருப்பதா, பிள்ளையோடு இருப்பதா என்று தவித்த பெண்களின் வாழ்க்கையைப் போய் வெறும் சொகுசு என்கிறீர்களே?

செங்காந்தள்:
தவித்திருப்பார்கள், சரி. அந்தப் பிள்ளையை இடுப்பில் சுமந்த ஆயா பேர் என்னங்க? கிப்ளிங்கின் தன்வரலாற்றில் மீட்டா என்ற வேலைக்காரருக்குப் பேர் இருக்கிறது, ஆயா வெறும் ஆயாதான். வீட்டுக்குள் ஆயாவோடு நம்மூர் பாஷையில் கதைபேசிவிட்டு, சாப்பாட்டு அறைக்குப் போகும்போது மட்டும் ‘அப்பா அம்மாவிடம் இங்கிலீஷ் பேசு’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை அது!

அப்புறம், ஃபுளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் 1888இல் எழுதிய குடித்தனக் கையேட்டைப் பாருங்கள். இந்திய வேலைக்காரன் வயதில் மட்டும்தான் பெரியவன், மற்றதில் குழந்தையாம். சொன்னதைச் செய்யாதவனுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கலாமாம்!

பழையதாள்:
அதே ஸ்டீல் பஞ்சாபில் பெண்கள் பள்ளிகளுக்கு ஆய்வாளராக இருந்தவர். எஜமானிகள் இந்துஸ்தானி படிக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னவரும் அவர்தான். அதைச் சௌகரியமாக விட்டுவிட்டீர்கள்.

செங்காந்தள்:
எதற்குப் படிக்கச் சொன்னார்? புரியும்படி உத்தரவு போடுவதற்கு. அதே வரியில் இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

மூலைக்கடை:
நடுவில் ஒன்று. கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களையும் லண்டன்வரை கூட்டிப்போனார்கள். அங்கே அவர்கள் தங்க ஒரு விடுதியே நடந்தது. முதலில் ஆல்ட்கேட் பக்கம், 1900 முதல் ஹாக்னியில், கிறிஸ்தவ மிஷன் பொறுப்பில். முன்னாள் எஜமானி கொடுத்த திரும்புகிற டிக்கெட்டை, இந்தியாவுக்குக் கிளம்பும் வேறொரு குடும்பத்துக்கு விற்று அவர்களோடு ஆயாவை அனுப்பிவைப்பார்கள். 2022இல் அந்த ஹாக்னிக் கட்டடத்தில் வரலாற்று நினைவாக நீலப் பலகை பதித்திருக்கிறார்கள்.

பழையதாள்:
பாருங்கள், டிக்கெட் கொடுத்ததும் மேம்சாகிப்தானே? எல்லாரும் அரக்கிகள் இல்லை.

செங்காந்தள்:
அரக்கி என்று நான் எங்கே சொன்னேன்? டிக்கெட்டும் இல்லாமல், சம்பளமும் இல்லாமல் தெருவில் விடப்பட்டவர்களும் அந்த விடுதிக்குத்தான் வந்தார்கள். நீங்கள் சவுத்சீ வீட்டைப் பற்றி எழுதியது நாலு வரி. ஹாக்னி வீட்டுக்கு ஒரு வரியாவது எழுதுங்களேன், பிறகு பேசலாம்.