1959-ஐ எழுத ஒரு சொல் வேண்டும்: 'மோடல் ஜாஸ்'

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஜாஸ் இசையில் 1959 என்ற ஒரே ஆண்டைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ஒரு சொல்லில் மட்டும் இரண்டு வாரமாக நின்றுபோயிருக்கிறேன். 'மோடல் ஜாஸ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். 1940-களில் வளர்ந்த பீபாப் என்ற ஜாஸ் பாணியில் கார்ட்கள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) ஒன்று, சில இடங்களில் இரண்டு. தனி வாசிப்பவர் அந்தந்தக் கார்டுக்குப் பொருந்தும் சுரங்களை அந்தந்த நொடியில் பிடித்தாக வேண்டும். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் இந்த ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தார். 1953-இல் ஜார்ஜ் ரஸ்ஸல் எழுதிய கோட்பாட்டு நூல் இதற்கு ஒரு வழி திறந்திருந்தது. மைல்ஸே 1958-இல் 'மைல்ஸ்டோன்ஸ்' பாட்டில் முயன்றிருந்தார். ஆனாலும் உலகத்தின் காதில் அது விழுந்தது 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டால்தான். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில், நியூயார்க்கின் 30-ஆம் தெருவில் கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானது. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம் அது.

அதில் முதல் பாட்டு 'சோ வாட்'. மொத்தம் 32 பார். முதல் 16 பார் முழுக்க டி டோரியன் என்ற மோட், அதாவது டி சுரத்தை ஆதாரமாகக் கொண்ட ஓர் ஏழு சுரத் தொகுதி. அடுத்த 8 பார் ஈ-ஃபிளாட் டோரியன். கடைசி 8 பார் மறுபடி டி. அரைச்சுரம் ஏறி, அரைச்சுரம் இறங்குகிறது, அவ்வளவுதான். பால் சேம்பர்ஸின் பேஸ் ஒரு கேள்வி கேட்பது போல வரும். மற்றவர்கள் இரண்டே தட்டில் பதில் சொல்வார்கள். அந்த இடைவெளியில் இருக்கிற காற்றோட்டம்தான் எனக்கு அந்த ஆண்டின் ஒலி.

இப்போது எதிர்ப்பக்கம். ஏப்ரல் 22 அன்று மைல்ஸோடு சாக்ஸஃபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன், மே முதல் வாரத்தில் தன் சொந்தக் குழுவோடு 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' பதிவுசெய்கிறார். 16 பாரில் 26 கார்ட், அதுவும் மூச்சுவிட முடியாத வேகத்தில். பியானோ வாசித்த டாமி ஃப்ளானகன் மிகத் தேர்ந்த கலைஞர். அவருடைய தனி வாசிப்பே நடுவில் தயங்கி, உதிரிக் கார்ட்களாகப் பிரிந்துபோவதை இசைத்தட்டில் கேட்கலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்தப் பாதை எவ்வளவு செங்குத்தானது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

என் கட்டுரையின் நடுப்பகுதி முழுவதும் இந்த இரண்டு வாரம்தான். ஒரே மனிதர், நேர் எதிரான இரண்டு வழிகள். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத, 'மோடல்' என்பதற்குத் தமிழ்க் காதுக்குப் பொருள் தரும் ஒரு சொல் தேவை.

மற்ற இடங்களில் இந்தச் சிக்கல் வரவில்லை. டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கை, மூன்றும் இரண்டுமாக. கண்டம் என்று எழுதினால் முடிந்தது. சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங் மார்ச் 15-இல் இறந்தார். இரண்டு மாதம் முடிவதற்குள், மே 12-இல், பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் அவருக்காக ஒரு மெட்டைப் பதிவுசெய்தார். அதைக் 'கையறுநிலை' என்றே எழுதினேன். நாம் இரண்டாயிரம் ஆண்டாக வைத்திருக்கிற சொல், கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

'மோடல்' மட்டும்தான் நிற்கிறது. 'ராக ஜாஸ்', 'சுரவரிசை ஜாஸ்' என்று இரண்டு எழுதி, இரண்டையும் அடித்துவிட்டேன். உதவுங்கள்.

*

அன்பரே,

அடித்தது சரிதான். ராகம் என்றால் வெறும் சுரங்களின் தொகுப்பு இல்லை. ஏறும் முறை, இறங்கும் முறை, கமகம், எந்தச் சுரத்தில் தங்கலாம், எதைத் தொட்டுவிட்டு ஓட வேண்டும், எந்தப் பிடி வந்தால் இது இன்ன ராகம் என்று தெரியும், எல்லாம் சேர்ந்தது. 'சோ வாட்' வாசிப்பவருக்கு இந்தக் கட்டு எதுவும் கிடையாது. ஏழு சுரங்களும் கையில் கொடுக்கப்படுகின்றன, வழி அவருடையது. அதைப் போய் ராகம் என்றால் படிக்கிறவர் கரகரப்பிரியா ஆலாபனையை எதிர்பார்ப்பார். இன்னொரு ஆபத்தும் உண்டு. 'ராக ஜாஸ்' என்றால் ஜாஸையும் இந்திய இசையையும் கலந்து செய்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1959-இல் மைல்ஸ் செய்தது அது இல்லை.

'சுரவரிசை' முதல் பாடத்தின் பெயர். அதை வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது. கர்நாடக இசையில் ஏழு சுரத் தொகுதியைக் குறிக்கும் 'மேளம்' பொருளளவில் மிகப் பொருத்தம், ஆனால் எழுதியவுடன் தவில்தான் கேட்கும்.

என் பரிந்துரை 'பாலை'. தமிழிசையில் ஏழ்பாலை என்று ஒரு முறை உண்டு. ஒரே ஏழு சுரங்களை வைத்துக்கொண்டு, குரல் எனப்படும் ஆதாரச் சுரத்தை மட்டும் ஒவ்வொன்றாக நகர்த்தினால் ஏழு பாலைகள் பிறக்கும். பண்ணுப்பெயர்த்தல் என்பது இதுதான். மேற்கில் மோட் என்பதும் சரியாக இதே வேலைதான். பியானோவின் வெள்ளைக் கட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இசை ஆய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட அடையாளப்படி, ஜி-யில் தொடங்கினால் செம்பாலை, ஏ-யில் படுமலைப்பாலை, பி-யில் செவ்வழிப்பாலை, சி-யில் அரும்பாலை, டி-யில் கோடிப்பாலை, ஈ-யில் விளரிப்பாலை, எஃப்-இல் மேற்செம்பாலை. உங்கள் டி டோரியன் வேறு ஒன்றுமில்லை, கோடிப்பாலைதான். சிலப்பதிகாரக் காலத்தில் பெயர் வைத்துவிட்ட ஒன்றுக்கு நாம் ஏன் புதிதாகப் பெயர் தேட வேண்டும்? 'பாலைவழி ஜாஸ்' என்று துணிந்து எழுதுங்கள்.

*

ஐயா சொன்ன ஏழ்பாலை விளக்கம் அருமை. கிட்டாரில் உடனே வாசித்துப் பார்த்தேன், ஒவ்வொன்றும் அப்படியே பொருந்துகிறது. மோட் என்ற பெயர்ச்சொல்லுக்குப் 'பாலை' என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் 'பாலைவழி ஜாஸ்' வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இசை இலக்கணம் படித்தவர் தவிர மற்ற எல்லோருக்கும் பாலை என்றால் மணல், வெயில், பிரிவு. 'பாலைவழி' என்றால் பாலை நிலத்து வழி. தலைப்பில் வந்தால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று. மோட் என்பது 1959-இல் புதிதாக வந்ததா? பீபாப் வாசித்தவர்களுக்கும் சுரத்தொகுதிகள் தெரியும்தானே. மாறியது, ஒரு தொகுதியில் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பது. 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டின் கடைசிப் பாட்டு 'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்'. அதற்கு ஐந்து சுரத்தொகுதிகள் வரிசையாகக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் வாசிப்பவர் விரும்புகிற வரை இருக்கலாம், பிறகு அடுத்ததற்குப் போகலாம். இசைத்தட்டின் உறையில் பியானோக் கலைஞர் பில் எவன்ஸ் எழுதிய குறிப்பிலேயே இது இருக்கிறது. அதில் வாசித்த இன்னொரு சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி ஒரு தொகுதியில் தங்குவதையும் கோல்ட்ரேன் தங்குவதையும் ஒப்பிட்டுக் கேளுங்கள், நான் சொல்வது புரியும். ஆக, சொல்லில் 'நிற்றல்' இருக்க வேண்டும். பண் + நிலை, 'பண்ணிலை ஜாஸ்' எப்படி?

*

பண்ணிலை பார்க்க அழகாக இருக்கிறது. வாய்விட்டுப் படித்தால் 'பண்ணலை' என்று கேட்கிறதே. 'அவர் பண்ணிலை ஜாஸ் வாசித்தார்' என்று ஒலிபரப்பில் சொன்னால் கேட்பவர் குழம்புவார். 'பண் + இலை' என்றும் பிரித்துப் படிப்பார்கள். அப்படியே 'மோடல்' என்று விட்டால்தான் என்ன? ஜாஸ், பியானோ எல்லாவற்றையும் அப்படித்தானே எழுதுகிறோம்.

*

நண்பர்களே, மூன்று மறுமொழிகளையும் வைத்துக்கொண்டு நேற்று முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

கடைசி மடலின் கேள்விக்கு முதலில். ஜாஸ், பியானோ, சாக்ஸஃபோன் எல்லாம் பெயர்கள். பெயர் அப்படியே வரலாம். 'மோடல்' ஒரு விளக்கம். இசை எப்படி நடக்கிறது என்று சொல்ல வந்த சொல். அது தமிழில் எதையும் விளக்காமல் நின்றால், நான் கட்டுரை எழுதியே பயனில்லை. அதனால் இந்த ஒன்றை விட எனக்கு மனமில்லை.

நிற்றல் இருக்க வேண்டும் என்று இரண்டாவது மறுமொழி எழுதிய அம்மா சொன்னதுதான் முடிச்சை அவிழ்த்தது. நான் 'எந்தச் சுரங்கள்' என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'எவ்வளவு நேரம்' என்பதல்லவா விஷயம்! பண்ணிலையைத் திருப்பிப் போட்டேன்: 'நிலைப்பண்'. நிலைத்து நிற்கும் பண். 'பண்ணலை' குழப்பம் போய்விடுகிறது, இலையும் போய்விடுகிறது. அதற்கு எதிரான வழிக்கு, கார்டுக்குக் கார்ட் நகர்வதால், 'கார்ட்நடை' என்று வைத்துக்கொண்டேன்.

பண் என்றாலும் ராகத்தின் கட்டுதானே வந்துவிடும் என்று ஐயா கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தனியாகப் 'பண்' என்று நின்றால் வரும்தான். ஆனால் நிலைப்பண் என்ற கூட்டில் கவனம் முன்சொல்லுக்குப் போய்விடுகிறது என்பது என் எண்ணம். அதோடு, எந்தெந்தச் சுரங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் பாலை என்றே எழுதப்போகிறேன்.

சொல்லைத் தனியாகப் பார்த்து முடிவுசெய்ய முடியாது, வாக்கியத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். கட்டுரையிலிருந்தே எடுத்தேன்:

"'சோ வாட்' நிலைப்பண் ஜாஸ். 16 பார் கோடிப்பாலையில் நின்று, 8 பாருக்கு அதே பாலையை அரைச்சுரம் உயர்த்தி, மீண்டும் பழைய இடத்துக்கு இறங்குகிறது."

"ஏப்ரலில் நிலைப்பண்ணில் நின்று வாசித்த கோல்ட்ரேன், மே மாதம் கார்ட்நடையை அதன் எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்தார்."

இரண்டாவது வாக்கியத்தை எழுதியபோது, இரண்டு வாரமாக வராத பத்தி தானாக வந்தது. நிற்பதும் நடப்பதும் என்று எதிர்ச்சொற்கள் கிடைத்தவுடன், அந்த இரண்டு ஒலிப்பதிவுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை விளக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

இன்னொரு சோதனையும் செய்தேன். அதே ஆண்டு மே 22-இல் சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் தன் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' இசைத்தட்டைப் பதிவுசெய்தார். அந்தக் குழுவில் பியானோவே கிடையாது. கார்ட் வரிசையைப் பின்தொடர வேண்டிய கடமையும் இல்லை. மெட்டின் போக்கை ஒட்டி வாசிப்பவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் அரங்கில் அவர் வாசிக்க வந்தபோது இசைக்கலைஞர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அவரை நிலைப்பண்ணில் சேர்க்க முடியுமா? முடியாது, அவர் ஒரு பாலையில் நிற்பதில்லை. கார்ட்நடையிலும் சேராது. நம் சொல் அவரைத் தவறுதலாக உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. கார்ட் மாற்றம் குறைந்த எல்லாவற்றையும் ஒரே பையில் போடுகிற சொல்லாக இருந்திருந்தால் இங்கே மாட்டிக்கொண்டிருக்கும்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அதுவரை கட்டுரையை அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

*

நிலைப்பண் சரி, ஏற்றுக்கொள்கிறேன். பாலையையும் விட்டுவிடாமல் அதற்குரிய இடத்தில் வைத்ததற்கு நன்றி. முதல் முறை வரும் இடத்தில் 'கோடிப்பாலை, அதாவது கரகரப்பிரியாவின் சுரங்கள்' என்று அரை வரி சேருங்கள், பலருக்கு அப்போதே காதில் ஒலித்துவிடும்.

'கார்ட்நடை'யில் கார்ட் அப்படியே இருக்கிறது. அதற்கும் ஒரு சொல் வேண்டும். வடிவியலில் நாண் என்று எடுத்துவிட்டதால் இங்கே அது உதவாது. தனி இழை தொடங்குங்கள், என்னிடம் இரண்டு யோசனை இருக்கிறது.