சீசனில் முதலாளியே விதியை மீறச் சொன்னால் போர்மேன் என்ன செய்வது?

கேள்வி (போர்மேன்):
சிவகாசி பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன் வேலை. அறைக்கு நாலு பேர் என்பது உரிமத்திலேயே இருக்கிறது. தீபாவளி நெருங்கினால் ஆறு, ஏழு பேர் உட்காருகிறார்கள், இடம் பற்றாதவர்கள் மரத்தடியில். முதலாளி நல்ல மனிதர்தான். வீட்டில் கல்யாணம், காது குத்து என்றால் கேட்காமலே பணம் தருவார். விதியைப் பற்றிப் பேசினால் மட்டும், "ஆர்டர் போயிரும்பா" என்கிறார். பயிற்சி வகுப்புக்கும் ஆட்களை அனுப்பிப் பார்த்தாயிற்று. வேறு என்ன வழி?

சாத்தூர் பெரியவர்:
தம்பி, செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற பீஸ் ரேட் இருக்கும்வரை ஆள் அவசரப்படத்தான் செய்வான், வகுப்பு என்ன செய்யும்? நான் வேலை பார்த்த ஒரு முதலாளி சாயங்காலம் வந்தால் எத்தனை பெட்டி என்று கேட்க மாட்டார். "மருந்து மீந்திருக்கா?" என்பார். மணி மருந்தை, அதாவது மணியாக உருட்டிய வெடிமருந்துக் கலவையை, மறுநாளைக்கு வைத்தால் ஈரம் ஏறிச் சூடாகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அழிக்க மனசு வராது, காசாயிற்றே. மீந்ததை அழித்த நஷ்டத்தை அவர் கூலியில் பிடிக்கவில்லை. அப்புறம் யாரும் ஒளித்து வைக்கவில்லை. இடி மின்னலுக்கு வேலையை நிறுத்தினாலும் கூலி உண்டு. கல்யாணத்துக்குக் கொடுப்பது தர்மம். அது வேறு கணக்கு.

சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை வெடித்து சுமார் 40 பேர் இறந்ததும் சீசன் நேரத்தில்தான்.

எண்ணெய்த் துறைக்காரர்:
1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய் எடுக்கும் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பக்கத்து மேடைகளான கிளேமோரும் டார்ட்டனும் எரிவது தெரிந்தும் எண்ணெய் அனுப்புவதை உடனே நிறுத்தவில்லை. மேலிடத்தைக் கேட்காமல் நிறுத்த அங்கிருந்தவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் அதுவே தீக்குத் தீனியாயிற்று. அதனால் முதலாளியிடம் ஒன்றே ஒன்றை எழுதி வாங்குங்கள்: போர்மேன் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், அன்றைய கூலியும் குறையக் கூடாது.

போர்மேன்:
சரி, கூலி விஷயத்தைக் கேட்டுப் பார்க்கிறேன் சார். ஐயா, முதலாளி சில அறைகளை உள்குத்தகைக்கு விட்டிருக்கிறார். குத்தகைக்கு எடுத்தவர்கள் என் பேச்சையே கேட்பதில்லை.

சாத்தூர் பெரியவர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உரிமம் ஒருத்தர் பேரில், வேலை இன்னொருத்தர் கையில் என்றால் நீ அங்கே பேருக்குத்தான் போர்மேன். ஏதாவது நடந்தால் வழக்கில் மட்டும் உன் பேர் வரும். அந்த அறைகளின் சாவி உன் கைக்கு வராதவரை எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடாதே.